கோடியக்கரை: தண்ணீர் பார்த்துப் பறவை பார்த்த நான்கு நாள்

முதல் நாள்: அகத்தியம்பள்ளி, கோடியக்காடு

ஜனவரியில் கோடியக்கரைக்கு வருபவர்கள் வேதாரண்யத்தில் இறங்கியதும் லாட்ஜ் எங்கே என்று விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் மீனவர் யாரையாவது பிடித்து ஒன்று கேட்க வேண்டும்: வாடைக்காற்று அடிக்கிறதா, ஓய்ந்துவிட்டதா? மறுநாள் பறவை எங்கே நிற்கும் என்பது அந்தப் பதிலில் பாதி தெரிந்துவிடும்.

காரணம் இடத்தின் அமைப்பு. சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, கோடியக்கரையில் மேற்கே திரும்பி முத்துப்பேட்டைப் பக்கம் போகிறது. அந்த முழங்கை மடிப்பில் கிழக்கும் தெற்கும் மணல் மேடு, அதன் மேல் காடு. காட்டுக்குப் பின்னால் வடமேற்கில் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. பார்க்கப் பெரிய ஏரி மாதிரி இருந்தாலும் பெரும்பகுதியில் முழங்கால் ஆழம் தேறாது. பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி இறங்குவதும் ஒரு மீட்டருக்குள்தான். ஆகவே இங்கே தண்ணீரை நகர்த்துவதில் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. வாடை இரண்டு நாள் விடாமல் அடித்தால் தண்ணீர் தென்மேற்காக ஒதுங்கி, கிழக்கோரம் சாலையை ஒட்டிய சேறு வெளியே தெரியும். காற்று ஓய்ந்தால் தண்ணீர் திரும்பி வந்து அதே சேற்றை மூடிவிடும். நேற்று ஆயிரக்கணக்கில் உள்ளான் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவை) மேய்ந்த இடம் இன்று வெறும் நீர்ப்பரப்பாகக் கிடப்பதற்கும், ‘பறவையே இல்லை’ என்று சிலர் திரும்பிப் போவதற்கும் இதுதான் காரணம்.

வழி பற்றிச் சுருக்கமாக. திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளி அகலப்பாதை 37 கி.மீ., 2023 ஏப்ரலில் திறந்தது. ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் வேதாரண்யம் வரை பஸ். அங்கிருந்து கோடியக்கரைக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் விடிகாலைப் பறவைக்கு அது உதவாது. ஆட்டோவோ இருசக்கர வண்டியோ முந்தின இரவே பேசி வைத்துக்கொள்வது நல்லது. தங்கலும் சாப்பாடும் வேதாரண்யத்தில் வசதி. கோடியக்கரையில் கடைகள் குறைவு, ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர் கையில் இருக்க வேண்டும். அகத்தியம்பள்ளியில் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிய இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. ஐந்து நிமிடம் நிற்கலாம். பறவை பார்க்க வந்தவருக்கும் உப்புதான் இங்கே முதல் பாடம், அது நாளைக்கு.

இன்று மாலைக்கு ராமர் பாதம். கோடியக்கரைக் காட்டுக்குள் இருக்கும் மணல் மேடு, இந்த வட்டாரத்திலேயே உயர்ந்த இடம். உயர்ந்தது என்றால் மலையை நினைக்க வேண்டாம். கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் சமதளம் என்பதால் அந்தச் சில மீட்டரே போதும். மேலே நின்றால் காட்டின் தலையும் அதற்கு அப்பால் சதுப்பின் வெள்ளைக் கோடும் தெரியும். அந்தக் கோட்டில் இளஞ்சிவப்பாக ஒரு படலம் தெரிந்தால் பூநாரை (ஃபிளமிங்கோ). நாளை எந்தப் பக்கம் போவது என்பதை இங்கிருந்தே முடிவு செய்துகொள்ளலாம்.

காடு உலர் பசுமைமாறாக் காடு. பாலையும் நாவலும் முக்கியமான மரங்கள். பாலை என்பது உலக்கைக்கு வெட்டும் அந்தக் கெட்டிப் பாலை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. விழுந்த மரங்களின் இடைவெளிகள் இன்னும் தெரிகின்றன, அவற்றில் முட்புதர் ஏறியிருக்கிறது. மாலை ஆறு மணியை ஒட்டி அந்தப் புதர்களிலிருந்து இரட்டைச் சீட்டி கேட்டால் ஆறுமணிக் குருவி. பகலில் சருகைக் கிளறிக்கொண்டு தரையிலேயே இருக்கும், கண்ணில் படாது. குரல் வந்த திசையில் நடந்து போனால் பறந்துவிடும். வண்டிக்குள்ளேயே இருந்து, கண்ணை இடுப்பு உயரத்துக்குக் கீழே வைத்துத் தேட வேண்டும்.

இரண்டாம் நாள்: உப்பளமும் சதுப்பும்

சூரியன் 6.30 வாக்கில் எழுகிறது. அகத்தியம்பள்ளிக்கும் கோடியக்காட்டுக்கும் இடையில் சாலையின் மேற்கே உப்பளங்கள். காலையில் இங்கே நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில், பறவைமேல் முழு வெளிச்சம். மாலையில் இதே இடத்தில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். கடற்கரைக்கு இது தலைகீழ்: கிழக்குக் கரையை மாலையில் பார்க்க வேண்டும். இந்த ஒரு கணக்கை விட்டுவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் பயன்படாது.

ஸ்கோப், அதாவது ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி, இல்லாமல் இந்த இடம் பாதி வீண். 8x42 பைனாகுலர் காட்டுக்குப் போதும். உப்பளத்தில் பறவைகள் 200, 300 மீட்டரில் நிற்கும். 20–60 ஜூம் ஸ்கோப் இருந்தாலும் 30-க்கு மேல் ஏற்ற வேண்டாம். வாடைக்காற்றில் ட்ரைபாட் நடுங்கும். கால்களை நீட்டாமல் பாதி உயரத்தில் வைத்து, நடுத்தண்டில் தண்ணீர் பாட்டில் பையைத் தொங்கவிட்டால் அடங்கும். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பும். அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் கூர்மை இல்லாமல் வருவதற்கு காமிராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது உப்பு. உப்பளம் என்பது ஒரே மாதிரியான பாத்திகளின் வரிசை என்று நினைத்துக்கொண்டு எல்லாப் பாத்தியையும் ஒரே மாதிரி அலசுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. உப்புத் தொழிலாளர்கள் தண்ணீரை ‘டிகிரி’யில் பேசுவார்கள், அடர்த்தியை அளக்கும் போமே அளவு அது. கடல்தண்ணீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. அது முதல் தேக்கத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி அடர்த்தி ஏறும். 25 டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30-ஐ நெருங்கினால் மிச்சத் தண்ணீரில் கசப்பு ஏறிவிடும் என்று வடித்துவிடுவார்கள்.

பறவைகள் இந்த அளவுப்படியே பிரிந்து நிற்கின்றன. முதல் தேக்கத்தில் மீன் உண்டு: கூழைக்கடா, நீர்க்காகம், ஆலா, வரப்பில் கொக்கு. தலைக்கு மேல் விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகு வட்டமிட்டால் அதுவும் இந்தத் தேக்கத்துக்காகத்தான். பத்து டிகிரியைத் தாண்டினால் மீன் ஏறக்குறைய இல்லை. மீன் இல்லாத இடத்தில் ஆர்ட்டீமியா பெருகும். ஒரு சென்டிமீட்டர் அளவில் மல்லாந்து நீந்தும் உப்பு இறால். அதோடு உப்பு ஈயின் புழுக்கள், பாசி. பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் கோணமூக்கு உள்ளானும் இருப்பது இந்த நடுப் பாத்திகளில்தான். கடைசிப் பாத்தி, அதாவது வெள்ளையாகப் பளபளக்கும் உப்புப் பாத்தி, படத்துக்கு அழகு. பறவைக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஜனவரியில் இன்னொரு குழப்பமும் உண்டு. பருவமழைத் தண்ணீர் இன்னும் பல பாத்திகளில் நிற்கும், அதனால் டிகிரிக் கணக்கு கலைந்திருக்கும். மழைத்தண்ணீரை வடித்து, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகுதான் உப்பு வேலை தொடங்கும். வடித்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அந்தப் பாத்தியின் ஈரச்சேறு சிறு உள்ளான்களுக்கு விருந்து. ஆட்கள் பாத்தி மிதித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பாத்தியைப் பாருங்கள்.

பூநாரை தின்பதை ஸ்கோப்பில் ஐந்து நிமிடம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கழுத்தைக் காலுக்கு நடுவில் இறக்கி, தலையைத் தலைகீழாகத் திருப்பி, மேல் அலகு அடியில் வரும்படி வைக்கும். நாக்கு பம்பின் பிஸ்டன் போல முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரச் சீப்பில் இரை மட்டும் தங்கும். சில சமயம் நின்ற இடத்திலேயே வட்டமாகக் கால் மிதிக்கும். அடிச்சேறு கலங்கி இரை மேலே வருவதற்காக. இளஞ்சிவப்பு நிறம் இரையிலிருந்து வருகிறது. சாம்பலும் பழுப்புமாக நிற்பவை இளம்பறவைகள். அவற்றை வேறு இனம் என்று குறித்துக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்து, யாரையும் திணறடிக்கும் சின்னவை. இங்கே ஆளுயரம் பார்ப்பது மாதிரி கால் உயரம் பார்க்க வேண்டும். தண்ணீர் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் என்றால் கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும். அதற்கு மேல் பவளக்காலி, வளைமூக்கு உள்ளான். ஒரு சாண் ஆழத்தில் கருவால் மூக்கனும் நெடுங்கால் உள்ளானும். அதற்கும் மேல் பூநாரை மட்டும். ஆகவே ஒரு பாத்தியின் ஓரத்திலிருந்து நடுவுக்குப் பார்வையை நகர்த்தினாலே பாதி இனங்கள் தாமாகப் பிரிந்துவிடும்.

கொசு உள்ளானுக்கும் வளைமூக்கு உள்ளானுக்கும் குழப்பம் வந்தால்: முதலாவது சிட்டுக்குருவி அளவு, எடை 25 கிராம் பக்கம், கறுப்புக் கால், குட்டையான நேர் அலகு, தையல் மிஷின் ஊசி மாதிரி இடைவிடாமல் கொத்தும். இரண்டாவது அதைவிடப் பெரிது, அலகு நீண்டு நுனியில் வளைந்திருக்கும், வயிறு வரை தண்ணீரில் இறங்கும், பறக்கும்போது வாலடி வெள்ளையாகத் தெரியும். உப்புக்கொத்தியின் நடை வேறு: ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண்ணால் இரை தேடும் பறவை அது. உள்ளான்கள் பலவும் அலகு நுனியின் உணர்வால் சேற்றுக்குள் தேடுகின்றன, அதனால்தான் இருட்டிலும் மேய முடிகிறது. நிறம் பார்த்துப் பெயர் சொல்லும் முயற்சியைக் குளிர்காலத்தில் கைவிடுங்கள்; எல்லாமே சாம்பல்தான்.

இந்த 25 கிராம் உயிர் முட்டையிடுவது வட துருவத்தை ஒட்டிய சைபீரியத் தரையில். இங்கே கொழுப்பு ஏற்றிக்கொண்டு ஏப்ரல், மே மாதத்தில் திரும்பும். காலில் வளையம் மாட்டி இந்தக் கணக்குகளைத் தேடும் வேலையை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறது; பறவையியலாளர் சாலிம் அலி இந்த இடத்தின் அருமையை 1960களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். கால் வளையமோ வண்ணக் கொடியோ கட்டிய பறவை ஸ்கோப்பில் விழுந்தால் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிறங்களின் வரிசை, கொடியில் எழுத்து. படம் மங்கலாக இருந்தாலும் அழிக்காதீர்கள்.

இனி எது தவறாகப் போகும் என்பது. சதுப்பின் ஓரம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். மேலே வெள்ளை உப்புத் தோல். கார் ஏற்றலாம் என்று தோன்றும். தோல் விரல் கனம்தான், கீழே வழவழப்பான களி. டயர் உள்ளே போய்விட்டால் டிராக்டர் வர வேண்டும். வரப்பிலும் தனியார் பாத்திகளிலும் அனுமதி வாங்காமல் நடக்காதீர்கள். வரப்பு உடைந்தால் ஒருவருடைய பல வார உழைப்பு கடலுக்குப் போகும்.

மூன்றாம் நாள்: புல்வெளி, இரவில் கடற்கரை

சரணாலயத்தை 1967-இல் அறிவித்தது பறவைக்காக மட்டும் இல்லை, முதன்மையாக வெளிமானுக்காக. பரப்பு 21.47 சதுர கி.மீ.; சதுப்பும் முத்துப்பேட்டையும் சேர்ந்த 385 சதுர கி.மீ. ராம்சர் தளமானது (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) 2002-இல், தமிழ்நாட்டிலேயே முதலாவதாக. சோதனைச்சாவடியில் சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு வண்டியில் போக வேண்டும். நடக்க அனுமதி இல்லை. அனுமதி இருந்திருந்தாலும் நடக்க ஆசைப்பட வேண்டாம்: வெளிமான் வண்டியைப் பொறுத்துக்கொள்ளும், இரண்டு காலில் நிற்கும் உருவத்தைப் பொறுக்காது.

உண்மையைச் சொன்னால் மானுக்கு ஜனவரி இரண்டாம்தர மாதம். மழைக்குப் பின் தாழ்ந்த புல்வெளியில் தண்ணீர் நிற்பதால் மேட்டுத் தரையில் சிதறி நிற்கும். மார்ச்சுக்குப் பிறகுதான் வெளியில் கூட்டமாகத் தெரியும். பறவையும் மானும் ஒரே பயணத்தில் முழுதாகக் கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் பிப்ரவரிக் கடைசி ஒரு சமரசம்.

ஆண் முதுகு கறுத்து, முறுக்கிய கொம்போடு தனியாக ஒரே இடத்தில் நின்றால் அது அதன் சொந்த எல்லை. பக்கத்தில் புழுக்கைக் குவியல் இருக்கும். தினமும் அதே இடத்தில் இட்டு இட்டுக் குவித்தது, மற்ற ஆண்களுக்கு எல்லைக்கல். கண்ணுக்கு முன்னால் உள்ள சுரப்பியைப் புல் நுனியிலும் குச்சியிலும் தேய்ப்பதையும் பார்க்கலாம். பெண்ணுக்குக் கொம்பு இல்லை, நிறம் மணல். இன்ஜினை அணைத்து, 100 மீட்டரில் நின்று, பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் மான்கள் மறுபடி மேயத் தொடங்கும். தலையைத் தூக்கியபடியே நின்றால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். மானுக்குப் பக்கத்தில் மேயும் மட்டக்குதிரைகள் காட்டு விலங்கல்ல. எப்போதோ மனிதர் கைவிட்டவை பெருகி, மான் தின்ன வேண்டிய புல்லைத் தின்கின்றன. படத்தில் நன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

புல்வெளிக்குப் பெரிய பகை சீமைக் கருவேலம். மானும் குதிரையும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதைக்கின்றன. முளைத்த இடத்தில் புல் சாகிறது. கண்ணையும் ஓட்டத்தையும் நம்பி வாழும் மான், பார்வை மறைக்கும் புதரை விட்டு விலகுகிறது. வெளி மேலும் சுருங்குகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு தளிராக வரும். வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கிய இடத்தில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கன்றுகளைக் கையால் எடுக்க வேண்டும். பிடுங்கிவிட்டு அடுத்த மழையை மறந்தால் செலவு முழுதும் வீண்.

இந்தப் புல்வெளியில் உண்ணி உண்டு. காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், இரவு குளிக்கும்போது இடுப்பையும் முழங்கால் மடிப்பையும் பாருங்கள்.

இரவு ஆமைக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறும் காலம். இரவில் கரைக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். அவர்களுடைய ரோந்தோடுதான் போக முடியும். ஆமையைத் தேடுவதை விட மணலில் தடத்தைத் தேடுவது எளிது: முக்கால் மீட்டர் அகலம், இடது வலது துடுப்புகளின் குழிகள் மாறி மாறி விழுந்திருக்கும். ஏறிய தடம், இறங்கிய தடம் இரண்டும் சேரும் இடத்தில் கலைந்த மணல் இருந்தால் அங்கே கூடு. ஒன்றரை அடி ஆழக் குழி, நூறுக்கு மேல் முட்டை. நரி, நாய், பன்றி மூன்றும் இதை நன்றாகவே அறியும், அதனால்தான் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். தாமதமானால் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். 45 முதல் 60 நாளில் பொரிக்கும். மணல் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். ஆமைக்கு விளக்குதான் எமன். குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் ஓடும். அது கடலாக இருக்க வேண்டும். செல்போன் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் தாய் முட்டையிடாமலே திரும்பும். சிவப்பு செலோஃபேன் தாள் இரண்டு மடிப்பு கட்டிய சின்ன டார்ச் ஒன்று குழுவுக்குப் போதும், அதுவும் தரையைப் பார்த்து.

நான்காம் நாள்: முத்துப்பேட்டை

திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை, படகுத்துறை ஜாம்புவானோடையில். அனுமதியை முந்தின நாளே வாங்கிவிட்டால் காலையில் அலைய வேண்டாம். படகு கோரையாற்றில் இறங்கிக் கடல்வாய் ஏரிக்குப் போகிறது. இரு கரையிலும் அலையாத்திக் காடு, பெரும்பாலும் ஒரே இனம், வெண்கண்டல். இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உள்ளே ஏறிய உப்பை இலை வழியாகக் கக்கும் மரம் அது. சேற்றில் பென்சில் நட்டது போல நிற்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. தண்ணீர் நாள்கணக்கில் நின்று அவை மூழ்கினால் மரம் மூச்சுத் திணறிச் சாகும். தண்ணீரே வராமல் தரை உப்பேறினாலும் சாகும்.

முன்பு மரம் வெட்டிய பகுதிகளில் தரை பள்ளமாகி, தண்ணீர் தேங்கி வற்றி, உப்புக் களராகியது. அதைச் சரிசெய்ய வெட்டியவைதான் படகிலிருந்து தெரியும் வாய்க்கால்கள்: நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள், மேலிருந்து பார்த்தால் மீன் முள். ஓதத் தண்ணீர் ஒவ்வொரு கிளைக்குள்ளும் போய் வர, கரைச் சரிவில் கன்றுகள் நட்டார்கள். வாய்க்கால் தூர்ந்த இடத்தில் மரம் வெளிறி நிற்பதையும், ஓடும் இடத்தில் கரும்பச்சையாக இருப்பதையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். கஜா இங்கேயும் பெரும் பரப்பை மொட்டையடித்தது.

ஏரி ஆழமில்லை. தண்ணீர் இறங்கும் நேரத்தில் உள்ளே போனால் திரும்பும்போது படகு தரை தட்டும். ஏறும் நேரத்தில் கிளம்பச் சொல்லிப் படகோட்டியிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும். மரத்தில் வக்காவும் நீர்க்காகமும், ஏரி வாயில் கடற்காகமும் ஆலாவும், மேலே செம்பருந்து. கோடியக்கரையில் பார்த்த எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பறவை எண்ணிக்கைக்காக மட்டும் வருபவர்கள் இந்த நாளையும் உப்பளத்துக்கே கொடுத்துவிடலாம்.

கரை இறங்கியதும் ட்ரைபாட் கால்களை முழுதும் இழுத்து, நல்ல தண்ணீரில் அலசி, மூட்டுகளைத் தளர்த்தியபடியே காயவிடுங்கள். லென்ஸை முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றி, கடைசியில்தான் துடைக்க வேண்டும். உப்புப் பொடியோடு தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். இதை ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்று விட்டால் மூட்டுகள் இறுகிப்போய் கால் மடங்காது.